வேர்ப்பைல்கள்: உவமை எவ்வளவு பாரம் தாங்கும்?

அறிவியலில் நல்ல பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பெயரைக் கேட்டதுமே பொருள் விளங்கிவிட்டதாக மனம் ஒப்புக்கொள்கிறது; மேலும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. கட்டடப் பொறியியலில் அப்படிப்பட்ட நல்ல பெயர்களுள் ஒன்று 'வேர்ப்பைல்'. இத்தாலியப் பொறியாளர் பெர்னாண்டோ லிட்சி 1952-ஆம் ஆண்டில் தாம் உருவாக்கிய முறைக்கு 'பாலி ராடிச்சே' என்று பெயரிட்டார். 'வேர் போன்ற பைல்கள்' என்பது அதன் பொருள். இன்று உலகெங்கும் 'மைக்ரோபைல்' என்று வழங்குவது இதன் வழித்தோன்றலே.

மரத்தின் வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்வதைப் போல, மெலிந்த சிமெண்டுத் தூண்கள் பலவற்றை மண்ணுக்குள் இறக்கினால், தளர்ந்த கட்டடம் நிமிர்ந்து நிற்கும். சரியும் மலைச்சரிவு சரியாமல் நிற்கும். இதுதான் அந்தப் பெயர் நமக்குத் தரும் சித்திரம். இச்சித்திரத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. எந்த இடத்தில் உவமை பொருந்துகிறது, எந்த இடத்தில் நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சாலையின் மேலோ வீட்டின் மேலோ மலை சரியும்போது, உவமையில் உள்ள பிழைக்கு விலை மனித உயிராக இருக்கும். ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பிறந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் சிதைந்த கட்டடங்களும், ஆட்டங்கண்ட பழமையான மாளிகைகளும் ஏராளமாக இருந்தன. அவற்றின் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும். பழைய முறை யாதெனில், சுவரின் அடியில் சிறிது சிறிதாகத் தோண்டி, புதிய கட்டுவேலை செய்து, பாரத்தை அதன்மேல் மாற்றுவது. ஏற்கனவே விரிசல் விட்ட சுவரின் காலடியில் குழி தோண்டுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்நாளில் எஃகு விலை மிகுந்த பொருள், ஆட்கூலியோ மலிவு. லிட்சி இவ்விரண்டையும் கருத்தில் கொண்டார்.

அவர் செய்தது இதுதான். சுவரின் மேலிருந்தே, சுவரையும் அடித்தளத்தையும் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் செல்லும்படி, ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்றை இட்டார். துளைக்குள் ஓர் எஃகுக் கம்பியை இறக்கினார். பிறகு துளை முழுவதையும் சிமெண்டுப் பாலும் மணலும் கலந்த சாந்தால் நிரப்பினார். சாந்து இறுகியதும் சுவர், அடித்தளம், மண் ஆகிய மூன்றையும் கோத்துத் தைத்த ஊசிபோல் அந்தத் தூண் அமைந்தது. குழி தோண்டவில்லை, கட்டடத்தைத் தாங்குகோல் கொண்டு நிறுத்தவும் இல்லை.

நேப்பிள்ஸ் நகரில் ஒரு பள்ளிக் கட்டடத்திற்காக இம்முறையைச் சோதித்தபோது, பொறியாளர்கள் வியந்தனர். அக்காலக் கணக்கு முறைப்படி அந்தப் பைல் 100 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 டன், பாரத்தைக்கூடத் தாங்கக் கூடாது. ஆனால் 400 கிலோநியூட்டனுக்கு மேல் ஏற்றியும் அது அசைந்து கொடுக்கவில்லை. 1960-களில் இம்முறை பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும், 1970-களில் அமெரிக்காவுக்கும் பரவியது. ஈராக்கின் மோசூல் நகரில் இருந்த 12-ஆம் நூற்றாண்டுச் சாய்ந்த மினாரின் அடித்தளத்தையும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியப் பொறியாளர்கள் இம்முறையில் வலுப்படுத்தினர். அந்த மினார் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் போரில் வெடிவைத்துத் தகர்க்கப்படும்வரை நின்றது.

மெலிந்த தூணின் வலிமை எங்கே இருக்கிறது?

இவ்வளவு மெலிந்த தூண் இவ்வளவு பாரம் தாங்குவது எப்படி? மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

200 மில்லிமீட்டர் விட்டமும் 10 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பைலை எடுத்துக்கொள்வோம். அதன் அடிமுனையின் பரப்பு 0.0314 சதுர மீட்டர்தான். ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறியது. ஆனால் அதன் பக்கப் பரப்போ 6.28 சதுர மீட்டர். அடிமுனையைப்போல் 200 மடங்கு. ஆகவே பாரத்தைத் தாங்குவது அடிமுனை அன்று. பக்கங்களில் சிமெண்டுக்கும் மண்ணுக்கும் இடையே எழும் உராய்வே. சிமெண்டுப் பாலை அழுத்தத்துடன் செலுத்தும்போது அது மண்ணின் இடுக்குகளில் புகுந்து இறுகுவதால் இந்த உராய்வு மேலும் மிகுகிறது.

உறுதியான நிலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் உராய்வு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நமது பைல் ஏறத்தாழ 63 டன் வரை தாங்கும். அதே பைலை ஒரு சதுர மீட்டருக்கு 2 டன் உராய்வே தரும் மென்களிமண்ணில் இறக்கினால், தாங்குவது 12 அல்லது 13 டன்தான். பைல் அதுவேதான், மாறியது மண். மைக்ரோபைலின் வலிமை பைலில் இல்லை. அதைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை மறந்ததால் விளையும் பிழைகளே பெரும்பாலானவை.

இம்முறையின் சிறப்புகளை மறைப்பதற்கில்லை. துளையிடும் பொறி சிறியது. ஓர் அறைக்குள்ளோ, பாலத்தின் அடியிலோ, மலைப்பாதையின் ஓரத்திலோ நின்று வேலை செய்யும். நேராகவும் சாய்வாகவும் துளையிடலாம். பாறாங்கற்கள் நிறைந்த மண்ணையும் பழைய கட்டுவேலையையும் துளைத்துச் செல்லலாம். சம்மட்டியால் அடித்து இறக்கும் பைலைப்போல் அக்கம்பக்கத்து வீடுகளை அதிரச் செய்வதில்லை. 300 மில்லிமீட்டருக்கு உட்பட்ட விட்டம் என்ற எல்லைக்குள் இத்தனை பயன்கள் அடங்கியிருப்பது பாராட்டத்தக்கதே. பெரிய பொறிகள் நுழைய முடியாத இடத்தில் இதற்கு இணையான முறை அரிது.

உவமை தளரும் முதல் இடம்: துளை

வேர் மண்ணுக்குள் எவ்வாறு நுழைகிறது? மெல்ல மெல்ல, மண்ணை விலக்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து நுழைகிறது. பைல் அப்படி நுழைவதில்லை. முதலில் துளையிட வேண்டும். துளைக்குள் இருந்த மண்ணை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரோ காற்றோ பாய்ச்ச வேண்டும். சாந்து இறுகும்வரை அந்த இடம் முன்பு இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். நல்ல நிலத்தில் இது ஒரு பொருட்டன்று. விளிம்பில் நிற்கும் கட்டடத்திற்கோ, மருத்துவம் செய்யும் அந்தச் சில மணி நேரமே ஆபத்தான நேரமாகிவிடலாம்.

இதற்குப் பைசா கோபுரத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. 1173-இல் தொடங்கி 14-ஆம் நூற்றாண்டில் முடிக்கப்பட்ட அக்கோபுரத்தின் எடை ஏறத்தாழ 14,500 டன். 1934-இல் அதன் அடித்தளத்தில் 360-க்கு மேற்பட்ட துளைகளை இட்டு, ஏறத்தாழ 80 டன் சிமெண்டுச் சாந்தைச் செலுத்தினர். நோக்கம் நல்லதே. ஆனால் கோபுரம் திடீரென்று மேலும் தெற்கே சாய்ந்தது.

1989-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாவியா நகரத்தின் பழங்கோபுரம் எவ்வித அறிவிப்புமின்றி இடிந்து நால்வர் மாண்டனர். அதன் பின்னர் 1990 ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தனர். அக்குழுவும் ஒரு பாடம் கற்க வேண்டியிருந்தது. 1995 செப்டம்பரில், நிலத்தடியில் நங்கூரக் கம்பிகளைப் பொருத்துவதற்காக, நீர் ஊறாமலிருக்க மண்ணைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தனர். வழக்கமாக ஓராண்டில் சாயும் அளவுக்கு ஒரே இரவில் கோபுரம் சாய்ந்துவிட்டது! வடபுறத்தில் ஏற்கனவே வைத்திருந்த 600 டன் ஈயக்கட்டிகளுடன் மேலும் 300 டன் அளவுக்குச் சேர்த்த பின்னரே நிலைமை கட்டுக்குள் வந்தது.

தென்புறத்து மண்ணைத் தொடும் எந்த வேலையும், அடியில் பைல் இறக்குவதோ சாந்து செலுத்துவதோ எதுவாயினும், ஏற்கத்தகாத ஆபத்து என்று குழு முடிவு செய்தது. அதன் காரணம் ஆழமானது. மெத்தையின் மேல் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் அடுக்கு சாய்ந்து விழும். தீப்பெட்டி நசுங்கியதா? இல்லை. மெத்தை கிழிந்ததா? அதுவும் இல்லை. அடுக்கு சிறிது சாய்ந்ததும் எடை ஒருபுறம் கூடுகிறது. மெத்தை அப்புறம் அமுங்குகிறது. அமுங்கியதால் சாய்வு இன்னும் கூடுகிறது. பைசாவின் நோயும் இதுவே. மண்ணின் வலிமைக் குறைவைவிட, அது அமுங்கும் தன்மையே முதன்மையான சிக்கல்.

முடிவில் பயன்பட்ட மருந்து வேர்ப்பைலுக்கு நேர் எதிரானது. இத்தாலியப் பொறியாளர் தெராசினா 1962-இலேயே கூறியிருந்த யோசனை அது: உயர்ந்து நிற்கும் வடபுறத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்துவிடுங்கள், கோபுரம் தானே வடக்கே திரும்பும். 1999-க்கும் 2001-க்கும் இடையில் சாய்வான குழாய்களின் வழியே ஏறத்தாழ 38 கனமீட்டர் மண் எடுக்கப்பட்டது. சாய்வு அரைப் பாகை குறைந்தது. உச்சி 40 சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கியது. 2001 டிசம்பரில் மக்கள் மீண்டும் கோபுரத்தில் ஏறினர். அடியில் புதிதாக ஒரு தூணையும் ஊன்றாமல், மண்ணைக் குறைத்தே ஒரு கோபுரத்தைக் காத்தனர்.

பைசாவின் பாடம் பழங்கட்டடங்களுக்கு மட்டும் உரியதன்று. சான்பிரான்சிஸ்கோவில் 2009-இல் முடிக்கப்பட்ட 58 மாடி மில்லெனியம் டவர், பாறைவரை எட்டாத பைல்களின்மேல் நின்றது. அது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அமிழ்ந்துவிட்ட செய்தி 2016-இல் வெளியாயிற்று. பாறைவரை செல்லும் 52 புதிய எஃகுப் பைல்களை ஓரத்தில் இறக்கத் திட்டமிட்டனர். இவை 60 சென்டிமீட்டர் விட்டமுள்ளவை, மைக்ரோபைல்கள் அல்ல. ஆனால் தத்துவம் ஒன்றே. 2021-இல் வேலை தொடங்கிய சில மாதங்களில், குழாய்களை இறக்கும் வேலையே கட்டடத்தை மேலும் அமிழ்த்திச் சாய்ப்பது தெரிந்தது. ஆகஸ்டில் வேலையை நிறுத்தி, முறையைத் திருத்தி, 18 பைல்களோடு 2023-இல் முடித்தனர்.

இரண்டாம் இடம்: தண்ணீர்

மலைச்சரிவுக்கு வருவோம். இங்கேதான் உவமை மிகவும் ஏமாற்றுகிறது. மரத்தின் வேர் மண்ணைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இலைகளின் வழியே காற்றில் விடுகிறது. சிமெண்டு வேர் ஒரு சொட்டு நீரும் குடிப்பதில்லை. நெருக்கமாக நட்ட பைல் வரிசை, நிலத்தடி நீர் ஓடும் வழியை மறிக்கவும் கூடும்.

நீரின் வேலை என்ன என்பதை எளிய கணக்கால் காணலாம். ஒட்டும் தன்மையற்ற மணற்சரிவு ஒன்று, உலர்ந்த நிலையில், 30 பாகை சாய்வு வரை நிற்கும் என்று கொள்வோம். மண் துகள்களை ஒன்றோடொன்று அழுத்தும் எடையே உராய்வைத் தருகிறது. மழையில் மண் முழுவதும் நனைந்து, நீர் சரிவுக்கு இணையாக ஓடும்போது, அந்த எடையில் ஏறத்தாழ பாதியை நீர் தன் அழுத்தத்தால் தாங்கிக்கொள்கிறது. துகள்களுக்கிடையே உள்ள அழுத்தம் பாதியாகிறது, உராய்வும் பாதியாகிறது. ஆனால் கீழே இழுக்கும் எடை குறைவதில்லை. இப்போது அந்தச் சரிவு 16 பாகைக்கு மேல் நிற்காது. முப்பது எங்கே, பதினாறு எங்கே! மண்ணுக்குள் நீரழுத்தத்தின் பங்கை 1920-களில் தெளிவுபடுத்திய டெர்சாகியை மண்பொறியியலின் தந்தை என்பது இதனால்தான்.

நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்தது இதே கணக்குத்தான். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்டமெங்கும் சரிவுகள் விழுந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வளவு நீர் புகுந்த சரிவில், வடிகால் அமைக்காமல் பைல்களை மட்டும் நட்டால், காய்ச்சலின் காரணத்தைப் பாராமல் நெற்றியில் பற்றுப் போட்டதாகத்தான் முடியும். சரிவின் மேற்புறம் வரும் நீரைத் திருப்பிவிடும் கால்வாய், உள்ளே ஊறிய நீரை வெளியேற்றும் சாய்வான வடிகுழாய்கள் ஆகியவை முதல் மருந்து. பைல் இரண்டாம் மருந்து. ஆனால் பைல் வேலையைத் திறப்பு விழாவில் காட்டலாம். கால்வாயில் சேறு அள்ளுவதை யார் காட்டுவார்கள்?

மூன்றாம் இடம்: வளைவும் வலையும்

கட்டடத்தின் கீழே பைல் செங்குத்தான பாரத்தைத் தாங்குகிறது. சரிவிலோ மண் பக்கவாட்டில் தள்ளுகிறது; பைல் வளைய நேரிடுகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஒரே பொருளால் செய்த 20 சென்டிமீட்டர் தூணையும் 100 சென்டிமீட்டர் தூணையும் ஒப்பிட்டால், விட்டம் 5 மடங்கு. விறைப்போ 625 மடங்கு. தனித்து நிற்கும் மெலிந்த பைல், நகரும் மலையின் முன் ஒரு நாணல்தான். மிக மென்மையான சேற்றிலோ, நிலநடுக்கத்தில் குழம்பாகும் மணலிலோ, பக்கத்துணை இன்றி அது மேல்பாரத்தாலேயே வளைந்து முறியவும் கூடும்.

லிட்சி இதை அறிந்திருந்தார். அவர் ஒற்றைப் பைலை நம்பவில்லை. வெவ்வேறு கோணங்களில் பைல்களைப் பின்னி, இடையில் உள்ள மண்ணையும் சேர்த்து ஒரே கட்டியாக்கும் வலையையே சரிவுகளுக்குப் பரிந்துரைத்தார். பைல்களின் தலைகளை ஒரு கான்கிரீட் உத்திரத்தால் பிணைத்து, ஒரு வரிசையை முன்சாய்வாகவும் மற்றொன்றைப் பின்சாய்வாகவும் இறக்கினால், வளைக்கும் விசையின் பெரும்பகுதி நெடுக்கே இழுக்கும் விசையாகவும் அழுத்தும் விசையாகவும் மாறுகிறது. மெலிந்த பைல் நன்றாகத் தாங்குவது இவ்விரண்டையே. பைல்கள் சறுக்கும் தளத்தைக் கடந்து, அசையாத நிலத்துக்குள் போதிய ஆழம் செல்லவும் வேண்டும். பெரும்பாலான மரவேர்கள் மேல்மண்ணின் ஓரிரு மீட்டரோடு நின்றுவிடுவதால், ஆழமான சரிவுகளை அவை தடுப்பதில்லை. இந்த ஓரிடத்தில் பைல் வேரை வென்றுவிடுகிறது என்பதையும் சொல்லவே வேண்டும்.

குறை எங்கே என்றால், பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வலையை விட்டுவிடுவதில் இருக்கிறது. இன்று உலகில் இறக்கப்படும் மைக்ரோபைல்களில் மிகப் பெரும்பாலானவை தனித்தனியே பாரம் தாங்குபவை. பின்னிய வலைகள் மிகச் சில. கட்டடத்தின் கீழ் அது முற்றிலும் சரியே. ஆனால் தனித்தனிப் பைல்களைச் சரிவில் நட்டுவிட்டு, 'வேர்போல் மண்ணைப் பிணைக்கும்' என்று சொல்வது பொருந்தாது. வலையின் பிணைப்பு பைல்களின் இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி மிகுந்தால் மண் அவற்றின் நடுவே வழிந்து போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. மரம் பழைய வேரை இழந்து புது வேரை விடுகிறது. பைலுக்குள் இருக்கும் எஃகு துருப்பிடித்தால் மீண்டும் வளராது. துருவுக்கு இரையாகப் போகும் பருமனையும் சேர்த்தே எஃகைக் கணக்கிட வேண்டும் என்பதும், கம்பி துளையின் நடுவில் நின்று எல்லாப் பக்கமும் சிமெண்டு மூடியிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். இவை மண்ணுக்குள் மறைந்துவிடும் வேலைகள். பிறகு எவரும் பார்க்க முடியாது. எனவே நேர்மையும் மேற்பார்வையும் இங்கே சிமெண்டைப் போலவே ஒரு மூலப்பொருள்.

என்ன கேட்க வேண்டும்?

லிட்சியின் கண்டுபிடிப்பு 20-ஆம் நூற்றாண்டு அடித்தளப் பொறியியலின் சிறந்த சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. எண்ணற்ற பழங்கட்டடங்களும் பாலங்களும் அதனால் நிலைபெற்றன. நமது விமர்சனம் கருவியைப் பற்றியதன்று; எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்னும் மனப்பான்மையைப் பற்றியது.

உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தின் அடியிலோ மலைச்சாலையின் ஓரத்திலோ இத்தகைய வேலை நடந்தால், பொறியாளரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். மண்ணை எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழம் துளைத்துப் பார்த்தீர்கள்? சோதனைப் பைல் ஒன்றின்மேல் பாரம் ஏற்றிப் பார்த்தீர்களா? தண்ணீர் போக வழி என்ன? வேலை நடக்கும்போதும் முடிந்த பின்னும் அசைவை அளக்கும் கருவிகள் எங்கே? முதற்கேள்விக்கு விடை இல்லையெனில் மற்ற மூன்றுக்கும் விடை இருக்காது. மண்ணை அறியாமல் பைலின் வலிமையை எவராலும் சொல்ல முடியாது என்பதை மேலே கண்ட 63 டன், 12 டன் கணக்கே காட்டிவிட்டது.

நேப்பிள்ஸ் பள்ளிக்கூடத்தில் லிட்சி தம் எண்ணத்தை நிலைநாட்டியது ஓர் அழகான பெயரால் அன்று. பைலின்மேல் பாரத்தை ஏற்றி அளந்து காட்டியதால். அவர் முறையைக் கையாளுவோர் அவரிடமிருந்து முதலில் கற்க வேண்டியது அந்தப் பழக்கத்தையே.